'ஒரு வண்டி குப்பை' என்ன விலை? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாம் ஊராட்சிக் குப்பையைப் பற்றியவை. ஒரே மாதிரி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப்பெயர்களை விட்டுவிட்டுத் தந்திருக்கிறோம்.

எங்க வீட்டுல ரெண்டு மாடு, பத்துக் கோழி இருக்கு. மிச்சம்மீதி எல்லாம் அதுங்களுக்கே போயிடுது. குப்பைன்னு எதுவும் சேர்றதே இல்லை. எங்களுக்கு எதுக்குங்க பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி?
– இல்லத்தரசி, பெரம்பலூர் மாவட்டம்

ஈரக்குப்பைக்கான பச்சைத் தொட்டி உங்களுக்கு வேண்டாம், தாராளமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கழுநீரும் காய்த்தோலும் மாட்டுக்கு, சிந்திய சோறு கோழிக்கு, சாணமும் கூளமும் எருக்குழிக்கு என்று போகும் வீட்டில் ஈரக்குப்பை மிஞ்சாது. 'குப்பை' என்ற சொல்லே நம் கிராமங்களில் எருவைத்தான் குறித்தது. 'ஏக்கருக்குப் பத்து வண்டி குப்பை அடிச்சேன்' என்று ஒரு விவசாயி சொன்னால் இன்றும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஆனால் நீலத் தொட்டிக்குரிய இன்னொரு குப்பை, காய்ந்த குப்பை, உங்கள் கண்ணில் படாமல் சேர்கிறது. ஓர் உரச்சாக்கைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி, ஒரு வாரம் காய்ந்த குப்பையை மட்டும் அதில் போட்டு வாருங்கள். பால் கவர், எண்ணெய் பாக்கெட், மசாலா உறை, ஷாம்பு பாக்கெட், மாத்திரை அட்டை, பிஸ்கட் காகிதம் என்று வாரக்கடைசியில் சாக்கு பாதியாவது நிரம்பியிருக்கும். இதுவரை அதெல்லாம் அடுப்பு, கொல்லை, எருக்குழி ஆகிய மூன்றில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. எருக்குழிக்குப் போனது உங்கள் வயலுக்கே வந்துவிடும்.

பூச்சிமருந்து பாட்டிலை மட்டும் அந்தச் சாக்கில் போடாதீர்கள். மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி அடித்துவிட்டு, பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டுத் தனியாக வையுங்கள். ஓட்டை போடாவிட்டால் யாராவது அதைக் கழுவி மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ வைத்துக்கொள்வார்கள்.

நாங்க ஒழுங்காப் பிரிச்சுக் கொடுக்கிறோம். குப்பை எடுக்க வர்ற தூய்மைக் காவலர் வண்டியில ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டுப் போறாங்க. அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

எங்களுக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். 'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். எங்கள் கணிப்பில் அது பாதிக் காரணம்கூட இல்லை. பிரித்துக் கொடுத்ததைக் கண்ணெதிரே கலக்கும்போது, மறுவாரம் அந்த வீடு பிரிப்பதை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை நோட்டீஸ் கொடுத்தாலும் பயனில்லை.

கலப்பது தூய்மைக் காவலரின் அலட்சியம் என்று சட்டென்று முடிவு கட்டாதீர்கள், வண்டியை ஒருமுறை பாருங்கள். ஈரக்குப்பை எடை அதிகம், இடம் குறைவு. காய்ந்த குப்பை நேர்மாறு. ஓர் உரச்சாக்கு நிறைய பிளாஸ்டிக் கவரைத் தளர்வாக அடைத்தால் மூன்று நான்கு கிலோதான் தேறும். அதே சாக்கில் காய்கறிக் கழிவை அடைத்தால் ஓர் ஆள் தூக்க முடியாது. இரண்டுக்கும் சம அளவுத் தொட்டி வைத்த வண்டியில், முப்பது நாற்பது வீடு தாண்டுவதற்குள் நீலத்தொட்டி தளும்பிவிடும், பச்சை பாதியில் நிற்கும். மிச்சமிருக்கும் வீடுகளின் கவரைக் காவலர் எங்கே போடுவார்? இடம் இருக்கும் தொட்டியில்தான்.

இதற்குப் புது வண்டி வாங்க வேண்டியதில்லை, குப்பை எடுக்கும் நாள்களைப் பிரித்தால் போதும். ஈரக்குப்பை தினமும். காய்ந்தது வாரத்தில் இரண்டு நாள் மட்டும், செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் வண்டியின் இரு பக்கமும் கம்பிக் கொக்கி வைத்து நான்கைந்து சாக்குகளைத் தொங்கவிட வேண்டும். காய்ந்த குப்பை நாறாது, மூன்று நான்கு நாள் வீட்டில் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரே நிபந்தனை: பால் கவரையும் எண்ணெய் பாக்கெட்டையும் அலசிக் காயவைத்துப் போட வேண்டும். அலசாத ஒரு பால் கவர் போதும், மொத்தச் சாக்கும் எறும்பும் நாற்றமுமாகிவிடும்.

வண்டி வரும் நேரத்தையும் பாருங்கள். நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் ஏழு, ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். வண்டி ஒன்பதுக்கு வந்தால் பூட்டிய கதவுதான் இருக்கும். வாசலில் வைத்துப் போன வாளியை நாய் உருட்டிவிடும். சுவரிலோ வேலிக் காலிலோ நெஞ்சுயரத்தில் ஓர் ஆணி அடித்து வாளியை மாட்டிவிட்டுப் போனால் நாய் எட்டாது, காவலரும் குனிய வேண்டியதில்லை.

ஊராட்சியில மண்புழு உரம் சும்மாவே தர்றாங்க. ஆனா எங்க ஊர் சம்சாரிங்க யாரும் தொடமாட்டேங்கிறாங்க. 'ஊர்க்குப்பைய வயல்ல கொட்டுறதா'ன்னு கேட்கிறாங்க. இது வெறும் அருவருப்பு தானே?
– இளைஞர், விழுப்புரம் மாவட்டம்

இல்லை தம்பி. அவர்கள் மாட்டுச்சாணத்தையும் ஆட்டுக்கிடையையும் அருவருக்காதவர்கள். அந்த உரத்தைக் கையில் அள்ளிப் பார்த்திருப்பார்கள், அதில் ஷாம்பு பாக்கெட் ஓரமும் கண்ணாடிச் சில்லும் தெரிந்திருக்கும். வெறுங்காலோடு நாற்று நடும் வயலில் கண்ணாடிச் சில்லை யார் கொட்டுவார்கள்? மெல்லிய பிளாஸ்டிக் துணுக்கு மண்ணில் கிடந்தால் முளைக்கும் இடத்தில் தடையாக நிற்கும், சுழல்கலப்பையில் சுற்றும், நெல்தாளோடு சேர்த்து மாடு தின்னும்.

சலித்துக் கொடுத்தால் போதாதா என்று ஊராட்சிகள் கேட்கும். நான்கு மில்லிமீட்டர் சல்லடையில் பெரிய துண்டு நிற்கும். வெயிலில் நொறுங்கிய கவர் துணுக்கும் ஊசி போன்ற கண்ணாடியும் உரத்தோடு உரமாக விழுந்துவிடும். ஒருமுறை கலந்ததை எந்த இயந்திரமும் முழுசாகப் பிரிப்பதில்லை. உரத்தின் தரம் வீட்டு வாசலில்தான் தீர்மானமாகிறது.

உங்கள் ஊர் உரம் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நம்பினால், இரண்டு சோதனைகளை அவர்கள் எதிரிலேயே செய்து காட்டுங்கள்.

முதலாவது, ஒரு கைப்பிடி உரத்தை நனைத்து, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரித்ததும் மழை நனைத்த மண் வாசனை வந்தால் உரம் மக்கிவிட்டது. சாக்கடை நாற்றமோ அமோனியா நெடியோ வந்தால் இன்னும் வேகவில்லை.

இரண்டாவது, இரண்டு தட்டு எடுங்கள். ஒன்றில் வெறும் வயல்மண், மற்றதில் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம். தட்டுக்கு இருபது பச்சைப்பயறு ஊன்றி ஐந்தாறு நாள் கழித்து எண்ணுங்கள். உரத்தட்டில் முளை குறைந்தால் அந்த உரத்தை இன்னும் ஒரு மாதம் ஆறப்போட வேண்டும்.

இலவசமாகக் கொடுப்பதும் சந்தேகத்தைத்தான் கூட்டுகிறது. 'சும்மா தர்றான்னா என்னமோ இருக்கு.' சிறு விலையாவது வைத்து, சாக்கில் கட்டி, பிரித்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

எங்கள் உரக்கூடத்தில் துர்நாற்றம். புழுக்களை இரண்டு முறை வாங்கி விட்டோம். ஒரு முறை செத்தன, ஒரு முறை தொட்டியை விட்டே ஓடிவிட்டன. எங்கே தவறு?
– ஊராட்சிச் செயலர், தஞ்சாவூர் மாவட்டம்

அநேகமாக நேற்று வந்த ஈரக்குப்பையை இன்று புழுத்தொட்டியில் கொட்டியிருப்பீர்கள். பச்சைக்கழிவு மக்கத் தொடங்கும்போது குவியலுக்குள் சூடு 55 டிகிரியைத் தாண்டும். மண்புழு 35 டிகிரிக்கு மேல் தாங்காது. செத்தவை அந்தச் சூட்டில் செத்தவை. ஓடிப்போனவை பெரும்பாலும் ஈரம் மிஞ்சிக் காற்றில்லாமல் போனதால் ஓடியவை.

முன்மக்கல் இல்லாமல், அதாவது புழுவிடம் போகும் முன் கழிவைச் சூடு தணியும்வரை மக்கவைக்காமல், புழுத்தொட்டி இல்லை. தனியாக ஒரு தளத்தில், ஒரு கூடை ஈரக்குப்பைக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு, சோளத்தட்டை, துண்டு போட்ட தென்னை ஓலை என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் சாணிக் கரைசல் தெளியுங்கள். ஐந்து நாளுக்கு ஒரு முறை புரட்டி, பதினைந்து முதல் இருபது நாள் விடுங்கள். சூடு தணிந்ததா என்று பார்க்க வெப்பமானி தேவையில்லை. ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் ஐந்து நிமிடம் செருகி எடுத்து, நுனியை உள்ளங்கையில் பிடியுங்கள். சுட்டால் இன்னும் நாள் ஆகவில்லை.

பிறகு தொட்டி. பத்தடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம் போதும். அகலம் மூன்றடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது. அடியில் மூன்று அங்குலம் தேங்காய் மட்டை, அதன்மேல் சிறிது மண், அதற்கும் மேல் முன்மக்கிய கழிவு. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் இந்தத் தொட்டிக்கு மூன்று கிலோ புழு ஆகும். மேலே நனைத்த சாக்கு. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியும்போது ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் ஈரம் சரி. ஒழுகினால் தண்ணீரை நிறுத்திச் சருகு சேருங்கள்.

நாற்றத்தையும் பிரித்தறியலாம். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் பச்சையும் சாணமும் கூடிவிட்டன, சருகு குறைவு. அழுகிய முட்டை நாற்றம் என்றால் தண்ணீர் தேங்கிக் காற்று போகவில்லை. தொட்டியின் அடியில் வடிதுளை அடைபட்டிருக்கும், மட்டை நார் வந்து அடைப்பது வழக்கம்.

எலுமிச்சை, ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம், உப்புப் போட்ட குழம்பு, மீன், கோழிக்கழிவு எதுவும் புழுத்தொட்டிக்கு ஆகாது. அடுப்புச் சாம்பலையும் கூடைகூடையாகக் கொட்டாதீர்கள். எறும்புக்குத் தொட்டியைச் சுற்றி மூன்று அங்குல வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தினால் போதும், மருந்துப்பொடி தூவினால் புழுவும் போகும். பெருச்சாளிக்குக் கம்பிவலை மூடி.

நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில், மேல்பரப்பு தேயிலைத்தூள் மாதிரி ஆனதும் நான்கு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். புழு கீழே இறங்கும், மேலிருப்பதை வழித்தெடுக்கலாம். போட்டதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் உரமாகக் கிடைக்கும். ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிவைக்காவிட்டால் 'மிச்சத்தை யார் எடுத்தது' என்று கிராம சபையில் கேள்வி வரும்.

சனி, ஞாயிறு யார் தண்ணீர் தெளிப்பது என்பதைப் பல ஊராட்சிகள் எழுதிவைப்பதே இல்லை. சித்திரை வெயிலில் கவனிக்க ஆளில்லாமல் காயவிட்டால் புழு தாங்காது.

பாட்டில், அட்டை எல்லாம் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கிறார். பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட்டை 'தூக்கிப் போடுங்க'ன்னு சொல்லிட்டார். கூடத்துல மலை மாதிரி கிடக்கு.
– மகளிர் குழு உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்

அவர் மேல் தப்பில்லை. பிஸ்கட் உறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிடக்கின்றன, உருக்கி மறுபடி பிளாஸ்டிக் மணிகளாக்க முடியாது. எடையும் கிடையாது. இதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டுக்குமே அளவு சேர வேண்டும்.

ஒன்று சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கிய முறை இது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியில் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லிக்கு மேல்பூச்சாகப் படிகிறது, அதன்மேல் தார். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக். ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் போகும். 60 மைக்ரான் வரையிலான மெல்லிய கவர்கள் ஆகும், பிஸ்கட் உறையும் ஆகும். பிவிசி கூடவே கூடாது, சூட்டில் நச்சுவாயு வரும். அதாவது பிறந்தநாள், காதுகுத்து, தலைவர் வருகை என்று ஊர் முழுக்கக் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர் ஒரு துண்டுகூட இதில் சேரக்கூடாது. மண் ஒட்டிய கவரையும் திருப்பி அனுப்புவார்கள்.

மற்றது சிமென்ட் ஆலை. அரியலூர்ப் பக்கம் இருப்பது போன்ற ஆலைகளின் சூளைகளில் இதை எரிபொருளாகப் போடுகிறார்கள். ஆனால் ஒரு ஊராட்சியின் ஐம்பது சாக்குக்காக யாரும் லாரி அனுப்ப மாட்டார்கள். வாடகைக்கே கட்டாது. அதனால்தான் தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மையம் என்று வைத்து, அதற்கு 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்க இடம் தந்தார்கள். உங்கள் ஒன்றியத்தில் அது இயங்குகிறதா, எந்தத் தேதியில் வண்டி வரும் என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அதுவரை உலர்ந்த உறைகளை மட்டும் சாக்கில் மிதித்து அடைத்து, எடை எழுதிக் கட்டி, மழை படாமல் அடுக்குங்கள். எடைப்பதிவேடு கையில் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

பக்கத்து வீட்டில் தினமும் சாயங்காலம் குப்பையைக் கொளுத்துகிறார்கள். கேட்டால் 'கொசு போகும்' என்கிறார்கள்.
– ஆசிரியர், கடலூர் மாவட்டம்

வேப்பிலைப் புகைக்குச் சொன்னதைப் பால் கவருக்கும் சொல்கிறார்கள். தாழ்ந்த சூட்டில் புகைந்து எரியும் பிளாஸ்டிக்கில், குறிப்பாகப் பிவிசியில், டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். சாம்பல் காற்றிலும் கிணற்றிலும் மாட்டுத்தீவனத்திலும் விழும். சண்டை போடாமல் ஒரு வழி: அவர்கள் கொளுத்துவதில் பெரும்பகுதி சருகாகத்தான் இருக்கும். அதைத் தென்னை, வாழை அடியில் மூடாக்காகப் போடச் சொல்லுங்கள். சருகு இல்லாவிட்டால் கொளுத்தும் வேலையும் குறையும், கவர் வண்டிக்கு வர வழி பிறக்கும்.

நாப்கின், குழந்தை டயப்பர் இதையெல்லாம் எதில் போடுவது? வெளியே கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

கூச்சம்தான் இதில் முதல் தடை. தூய்மைக் காவலர் ஆணாக இருந்தால் கறுப்புக் கவரில் சுற்றி ஈரக்குப்பைக்கு நடுவில் ஒளித்து வைக்கிறார்கள், அது நேரே உரத்தொட்டிக்குப் போகிறது. நாப்கினின் மேலுறையும் அடியுறையும் பிளாஸ்டிக், மக்காது. உள்ளிருக்கும் ஜெல் தண்ணீரை உறிஞ்சி வீங்கும், கழிப்பறைக் குழாயை அடைக்கும். பள்ளிகளில் வைத்திருக்கும் சின்ன எரிப்பான்கள் பலவற்றில் போதிய சூடு வராது, புகைந்துகொண்டே கிடக்கும்.

செய்தித்தாளில் சுருட்டி, நூல் கட்டி, மேலே பேனாவால் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். டயப்பரில் இருப்பதைக் கழிப்பறையில் தட்டிவிட்டுச் சுருட்டுங்கள். இது மூன்றாவது பையாகத் தனியே போக வேண்டும், காவலர் வெறுங்கையால் தொடும் நிலை வரக்கூடாது. ஒப்படைக்க வேறு இடம் இல்லாத ஊராட்சி, மருத்துவக் கழிவை ஆழப்புதைக்கும் அளவையே பின்பற்றலாம்: இரண்டு மீட்டர் ஆழக் குழி, கிணறும் குடியிருப்பும் தள்ளி, ஒவ்வொரு முறை போடும்போதும் நான்கு அங்குல மண். பாதி நிரம்பியதும் சுண்ணாம்பு போட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். ஏரி உட்புறத்தில் தோண்டவே கூடாது.

துணி பயன்படுத்துவோர் வீட்டில் இந்தக் குப்பையே இல்லை. அங்கே சிக்கல் வேறு: யார் கண்ணிலும் படக்கூடாதென்று பாவாடைக்கு அடியில் மறைத்து உலர்த்துகிறார்கள், ஈரம் போகாமல் பூஞ்சை பிடிக்கிறது. சோப்பில் அலசி நேர்வெயிலில் காயவைத்தால்தான் அது பாதுகாப்பு.

உரக்கூடத்துக்கு எந்த இடம் காட்டினாலும் அந்தத் தெருக்காரங்க எதிர்க்கிறாங்க. கடைசியில காலனிப் பக்கம் போடலாம்னு முடிவு பண்றாங்க. வார்டு உறுப்பினரா நான் என்ன சொல்லலாம்?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊர்க்குப்பை முழுதையும் காலனி வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவது பழைய வழக்கத்துக்குத் தகரக் கூரை போடுவது, அவ்வளவுதான். 'பிரிக்கிறது அவங்க வேலை' என்று வீடுகள் சொல்வதற்குள்ளும் இதே எண்ணம்தான் ஒளிந்திருக்கிறது. குப்பையைக் குறைக்கும் எந்தத் திட்டமும் அந்த எண்ணத்தில் வந்துதான் முட்டி நிற்கிறது.

ஒரே பெரிய கூடத்துக்குப் பதில், ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் தெருவுக்கும் இரண்டு மூன்று சிறு தொட்டிகளாகப் பிரிக்கக் கேளுங்கள். அவரவர் ஈரக்குப்பை அவரவர் பக்கமே மக்கட்டும், அப்போது கலந்து கொடுத்தவருக்கே நாற்றம் போகும். இடம் பார்க்கும்போது தண்ணீர்க் குழாய், நிழல், பேட்டரி வண்டி ஏறும் பாதை மூன்றும் வேண்டும். ஏரி, குளம் நீர்ப்பிடிப்பு ஆகாது. எதிர்ப்பு உள்ள தெருவில் முதலில் ஒரே ஒரு தொட்டியைச் சருகும் சாணமும் மட்டும் போட்டு இரண்டு மாதம் ஓட்டிக் காட்டுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அடுத்ததில் இடத்தைத் தீர்மானமாகவே பதிவு செய்யச் சொல்லலாம்.

கல்யாண மண்டபக் குப்பைக்கு ஊராட்சி பணம் வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

வாங்கலாம், வாங்கவும் வேண்டும். தீர்மானம் போட்டு, ரசீது கொடுத்து. வீடுகளில் தொடங்காமல் மண்டபம், கறிக்கடை, டீக்கடையில் தொடங்குங்கள். வாழையிலை பிரச்சினையே இல்லை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தட்டும்தான் பிரச்சினை. அவை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்கள். மண்டபத்துக்காரர் முன்பணம் வாங்கும்போதே அதைச் சொல்லிவிட்டால் பாதிக் குப்பை வராது.

வயல்ல கால் வைக்க முடியலை, எல்லாம் மது பாட்டில் சில்லு. இதுக்கு வழியே இல்லையா?
– விவசாயி, கோவை மாவட்டம்

உண்டு. நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் பத்து ரூபாயைத் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. குடித்தவர் போட்டுவிட்டுப் போனாலும் பொறுக்கிக் கொடுக்கிறவருக்கு அந்தப் பத்து ரூபாய் போய்ச் சேரும். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. உங்கள் பக்கத்துக் கடையில் விற்கும் பாட்டிலில் அதற்கான ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கர் கிழிந்த பாட்டிலையும் உடைந்த பாட்டிலையும் திரும்ப வாங்க மாட்டார்கள். ஏற்கனவே வயலில் கிடக்கும் சில்லைக் கோடை உழவுக்கு முன், மாலை வெயில் சாய்வாக அடிக்கும் நேரத்தில் தேடுங்கள், மின்னும். தடித்த கையுறையும் பழைய பெயின்ட் டப்பாவும் எடுத்துப் போங்கள், சாக்கு கிழிந்துவிடும்.